நாலு சீட் சார்

பத்தாவதோடு நின்றவன், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவன், பத்திரிகையில் எழுத வந்ததற்கு மன்னிக்க வேண்டும். ஆனால் தன்னோடு தானே சண்டை போட்டு அதற்குச் சம்பளமும் வாங்கிய மனிதர் தமிழ்நாட்டிலேயே எங்கள் நாலு சீட் சார் ஒருவர்தான்.

விருதுநகரில் ஓர் அரசு அலுவலகம். நான் அங்கே கூட்டிப் பெருக்கும் தினக்கூலி. தபால், கணக்கு, பதிவறை என்று மூன்று சீட். வாசலில் பியூன் ஸ்டூல். நாலுக்கும் ஆள் அவர் ஒருவரே. கணக்கு சீட்டில் இருந்து "யாருப்பா, டீ!" என்பார். எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்து, "இந்தா போறேன் சார்" என்பார்.

ஆனைக்குட்டத்துப் பெண் ஒருத்தி பட்டாசு கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு மனுவோடு வந்தாள். தபால் சீட்டில் வாங்கி சீல் குத்தினார். கணக்கு சீட்டுக்கு நகர்ந்ததும் முகம் மாறியது.

"சீல் தெளிவா இல்லையே. எவன் வாங்குனது?"

"நீங்கதான சார் வாங்குனீக?"

"அது அந்த சீட்டும்மா. அதை அங்கன போய்க் கேளுங்க."

காலிப் பணியிடம் எத்தனை என்று மாதாமாதம் மேலே அறிக்கை போகும். அதில் கூசாமல் 'இல்லை' என்று எழுதுவார். பியூன் இடம் காலி என்று போனால்தான் அதை எனக்குக் கேட்க முடியும். எனக்கோ வயது ஏறிக்கொண்டிருந்தது. மனதுக்குள் அவரைத் திட்டாத நாள் இல்லை.

ஒருநாள் மேலதிகாரி வந்தார்.

"மத்தவங்க எல்லாம் எங்கய்யா?"

"எல்லாரும் இங்கனதான் இருக்கேன் சார்."

"காலின்னு எழுத என்ன கேடு?"

"எழுதுனா ஆள் போட மாட்டாக சார், இடத்தையே ரத்து பண்ணிருவாக. அதான் மாத்தி மாத்தி உக்காந்து காப்பாத்துறேன்."

இதைக் கேட்டு அதிகாரி செய்த ஒரே காரியம், ஜீப்பில் ஏறியது.

அன்று சாயங்காலம் எப்படியோ எனக்கு வாய் வந்தது.

"சார், அந்த ஸ்டூலை மட்டும் காலின்னு எழுதுங்க."

"ரத்து பண்ணிட்டா என்னலே செய்வ?"

"இப்பவும் எனக்கு இல்லாமத்தான சார் இருக்கு?"

கணக்கு சீட்டுக்குப் போய் அந்த மாத அறிக்கையை எடுத்தார். பிறகு, பியூன் இடம் காலி என்றும், அதற்கு ஆள் இங்கேயே இருக்கிறான் என்றும் எழுதி, என் பெயரைப் போட்டார்.

"எவனாச்சும் ரத்துன்னு வந்தா மூணு சீட்ல இருந்தும் நான் சண்டை போடுறேன். நீ ஸ்டூலை விட்டு எந்திரிக்காத."

மறுநாள் அவருக்குக் காய்ச்சல். அவர் வீட்டுக்குப் போய்க் கஞ்சி கொடுத்துவிட்டு வந்து அலுவலகத்தைத் திறந்தேன். தேடி வந்தவர்களிடம், "இன்னைக்கு எல்லா சாருக்கும் காய்ச்சலுங்க" என்றேன்.