மாப்ள ஓடிட்டான்

தனியாக வாழ்பவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பேச ஆள் கிடைத்துவிட்டால், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்த மாட்டார்கள். இந்தப் பழக்கத்தால் பெரம்பலூரில் ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தவள் நான்.

கணவர் போய்ச் சேர்ந்து, ஒரே மகள் காவ்யாவும் கல்யாணமாகிப் புனே போனபின், வீட்டில் நானும் டிவியும்தான். கேஸ் சிலிண்டர் போட வருபவரை நிறுத்தி வைத்துப் பேசுவேன். (பாவம், அவர் பிறகு சிலிண்டரை கேட் ஓரம் வைத்து, பெல்லை அடித்துவிட்டு ஓட ஆரம்பித்தார்.) நான் கணக்கு டீச்சர். பகல் முழுக்க வகுப்பு இரைச்சல். சாயங்காலம் கதவைத் திறந்தால், காலையில் குடித்த காபி டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். அதை நகர்த்தி வைக்கக்கூட ஆளில்லை என்பது தினமும் புதிதாகத் தெரியும்.

"ஒரு நாய் வளத்துக்கம்மா. அடிபட்டதுங்கள வச்சுப் பாத்துக்கிற எடம் அரியலூர் பக்கம் இருக்காம். போய்ப் பாரேன்" என்றாள் காவ்யா போனில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். மற்ற நாய்கள் எல்லாம் ஓடி வந்து மேலே விழுந்தன. ஒரு செவலை மட்டும் தள்ளி உட்கார்ந்து, 'நீயும் பாத்துட்டுத்தானே போகப்போற' என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். லாரியில் அடிபட்டு ஒரு பின்னங்கால் போனவன்.

"வளத்தவங்க வூடு மாறிப் போறப்ப வுட்டுட்டுப் போயிட்டாங்க" என்றார் அந்த இடத்தை நடத்தும் செல்வி. "பேரு மாப்ளங்க. பொண்ணு பாக்க வந்தவனாட்டம் தலைய நிமித்திக்கிட்டே நடப்பான். வேற பேரு சொன்னாத் திரும்ப மாட்டான்."

"ஓடிருவானா?"

"மூணு காலுங்க. எங்க ஓடப்போறான்?"

கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். பாதி வழியில் தலையை என் மடியில் வைத்தான். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்க்கிறாரே என்று தும்முவது போல நடித்தேன்.)

பெரம்பலூருக்குள் ஒரு கல்யாண மண்டபத்தைத் தாண்டும்போது சாலையில் சரவெடி கொளுத்தினார்கள். அவ்வளவுதான். கழுத்துக் கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து குதித்தான். மூன்று காலில் அவன் ஓடிய ஓட்டத்தை நான்கு கால் உள்ள எதுவும் ஓடி நான் பார்த்ததில்லை. பக்கவாட்டு கேட் வழியாக நேரே மண்டபத்துக்குள் போய் மறைந்தான்.

ஏற்கனவே ஒரு வீடு விட்டுவிட்டுப் போனவன். நானும் விட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொள்வானே என்றுதான் எனக்குப் பதறியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி, கடைசி பெஞ்சு வரை கேட்கும் என் வகுப்புக் குரலில் கத்தினேன்:

"மாப்ள ஓடிட்டான்! புடிங்க! மாப்ள ஓடிட்டான்!"

தவில் நின்றது. எல்லோரும் மணவறையைப் பார்த்தார்கள். மணவறை காலியாக இருந்தது. (மாப்பிள்ளை பட்டு வேட்டி மாற்றப் போயிருக்கிறார் என்பது எனக்கெப்படித் தெரியும்?) பெண்ணின் அப்பா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான்கைந்து இளைஞர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் பறந்தார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்தார். "யாரும்மா நீ? அவன உனக்கு எப்புடித் தெரியும்?"

இங்கேதான் என் கெட்ட பழக்கம் வேலையைக் காட்டியது.

"இன்னைக்குக் காலைலதாங்க கையெழுத்துப் போட்டுக் கூட்டியாந்தேன். முன்னாடி ஒரு வூட்ல வச்சிருந்திருக்காங்க. அவங்க வுட்டுட்டுப் போயிட்டாங்களாம். பாவம்ங்க, இனிமே எங்கூடத்தான் இருக்கப் போறான். ஆட்டோல என் மடியிலதான் படுத்துக்கிட்டு வந்தான்..."

அந்த அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு, "அடப்பாவி! ரெண்டா?" என்று அலறினார்.

அந்த நேரம் பார்த்து, பட்டு வேட்டியின் முனையைச் செருகியபடியே நிஜ மாப்பிள்ளை வெளியே வந்தார். "என்னம்மா சத்தம்?"

"நாயிங்க! நான் நாயச் சொன்னேன்!" என்றேன். சிரிப்பதா, அடிப்பதா என்று கூட்டம் முடிவெடுக்குமுன் மணமகள் அறைக்கதவு திறந்தது. "நாய்தானே, இங்க இருக்குங்க" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் பெண்.

கூறைப்புடவையோடு அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் முகத்தைப் புதைத்து நடுங்கிக்கொண்டிருந்தான் மாப்ள. "பயந்துட்டான்ங்க" என்றாள். என்னைப் பார்த்ததும் அவன் எழுந்து, நொண்டிக்கொண்டே வந்து, என் காலில் சாய்ந்து நின்றான். அத்தனை பேர் இருக்கும் கூட்டத்தில் என்னைத் தேடி வந்தான்.

போகிறேன் என்றால் பெண்ணின் அம்மா விடவில்லை. "சாப்புடாம எப்புடிங்க போவீங்க?" பந்தி வாசலில் நின்ற பெரியவர் கேட்டார்: "எத்தன பேரு வந்திருக்கீங்க?"

ஹோட்டலோ விசேஷமோ, எங்கே கேட்டாலும் "ஒருத்திதாங்க" என்று மெல்லச் சொல்லிப் பழகிய வாய் எனக்கு. அன்று, "ரெண்டு பேருங்க" என்றேன். அவர் என் காலடியில் பார்த்துவிட்டு, இரண்டு இலை எடுத்தார்.

அந்தப் பெண் இப்போதும் அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவனைப் பார்க்க வருகிறாள். கூட வரும் கணவர், வாசலில் நின்றே, "வேட்டி மாத்தப் போனவன் வந்திருக்கேன் டீச்சர்" என்று குரல் கொடுப்பார்.

என் சொந்த மருமகனுக்கும் இந்தக் கதை பேசுவதற்கு ஒரு சாக்காகிவிட்டது. முன்பெல்லாம் "நல்லா இருக்கீங்களா அத்தை" என்று கேட்டு உடனே போனைக் காவ்யாவிடம் தள்ளிவிடுவார். இப்போது அவரே எடுத்து, "அத்தை, ஓடாத மாப்ள பேசுறேன்" என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசுகிறார். "இந்தப் பொங்கலுக்காவது வாங்க மாப்ள" என்று நானும் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். "லீவு பாக்கணும் அத்தை" என்பார் அவர்.

அதற்குள் கட்டிலடியில் தூங்கிக்கொண்டிருந்தவன், கூப்பிட்டது தன்னைத்தான் என்று எழுந்து வந்து முன்னால் நிற்பான்.