கணினி வழி கேட்டு வந்த வெள்ளிக்கிழமை

கூச்சக்காரன் யாரிடமும் சந்தேகம் கேட்க மாட்டான். தனக்குத் தோன்றியபடி செய்துவிடுவான். பிறகு ஊரே வந்து அவனைக் கேட்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் ஓர் அச்சுக்கடையில் கணினி வேலைக்கு நின்றேன். ஒரு கட்டளையைத் தட்டினால், அதை எங்கெங்கே தேட வேண்டும் என்று கணினிக்கு முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று உள்ளே இருந்த அத்தனை கோப்புறைகளையும் எழுதினேன். முதலாவதாக, வெளியிலிருந்து செருகும் பிளொப்பித் தட்டை. (வாசலில் நிற்பவரை முதலில் கேட்பதுதானே மரியாதை!) அச்சடிக்கும் கட்டளையோ கடைசிக் கோப்புறையில் இருந்தது. போதாததற்கு, அச்சாகும் ஒவ்வொரு வரிக்கும் அந்தக் கட்டளையைப் புதிதாகக் கூப்பிடும் ஒரு நிரலையும் எழுதி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரு வெள்ளி காலை செட்டிகுளத்திலிருந்து மணப்பெண்ணின் தாய் கலியாண அழைப்பிதழ் அடிக்க வந்தார். முதல் அழைப்பிதழைப் பிள்ளையாருக்கு வைத்த பிறகுதான் சொந்தக்காரருக்குக் கொடுப்பார்கள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். பக்கத்துக் கோயிலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். (பல்லி சொன்னதற்கே ஒருமுறை கலியாணத்தைத் தள்ளி வைத்தவர்கள்.)

கட்டளையைத் தட்டினேன். பிளொப்பி 'கர்ர்' என்றது. அங்கே இல்லை. அடுத்த கோப்புறை. அங்கேயும் இல்லை. கலியாணத்துக்குச் சொல்லப் போனவர் ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நின்று தேத்தண்ணி குடிப்பதுபோல் எல்லா இடமும் போய்வந்து, பிள்ளையார் சுழியை மட்டும் அச்சடித்தது. மறுபடியும் 'கர்ர்'.

"தம்பி, உது என்ன செய்யுது?"

"தேடுது அம்மா."

"துலைஞ்சு போச்சோ?"

"இல்லை, இருக்கிற இடத்திலைதான் இருக்கு. எல்லா இடமும் கேட்டுப்போட்டு வருது."

"அது வரேக்கை என்ரை பிள்ளை கிழவியாயிடும். பேனையை எடும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவசரத்தில் மணமகனின் பெயர் மலையேறி இறங்கியது. கோயிலுக்கு ஓடினோம். மாப்பிள்ளையின் தகப்பன் அழைப்பிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கையாலை எழுதினதோ?"

"பிள்ளையாருக்கெண்டு பிரத்தியேகமா எழுதுவிச்சனாங்கள்," என்றார் அந்த அம்மா, கண் வெட்டாமல்.

"இந்தக் காலத்திலை ஆர் இப்பிடி மினக்கெடுகினம்!" மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் நிலத்தைப் பார்த்தேன். கடைக்குத் திரும்பியபோது கணினி மணப்பெண்ணின் பெயருக்கு வந்திருந்தது.

போன ஆவணியில் அன்றைய மணப்பெண்ணின் மகளுக்குக் கலியாணம். அழைப்பிதழ் கொழும்பில் தங்க எழுத்தில் அச்சாகி வந்தது. ஆனாலும் முதலாவதை எழுத என்னைக் காரில் ஏற்றிப் போனார்கள். மலையேறும் அதே எழுத்தில் எழுதினேன். புதுச் சம்பந்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் தகப்பனாய் அன்று நின்ற அதே மனிதர், அவரிடம் குனிந்து சொன்னார்:

"இது எங்கடை பரம்பரை வழக்கம்."