அத்திபெலே: இடது காலை வெட்டு

சேசு மரி சூசை துணை

ரிச்சர்ட்ஸ் டவுன், பெங்களூர் கண்டோன்மெண்ட்
1942 செப்டம்பர் 9, புதன்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ஹெர்பர்ட் அவர்களுக்கு,

தங்கள் தங்கை ஜோசஃபினின் புருஷன் மதலைமுத்து எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம் என்று முப்பது வருஷமாக எழுதிப் பழகிய கை, இன்று அந்த வரியை எழுத மாட்டேன் என்கிறது. தங்களுக்கும் தங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் ஒரு குறையும் வைக்காதிருப்பாராக. நம் பையன் டென்சிலை வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து போலீஸார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஜப்பான் உளவாளியாம்! திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் ஜப்பானுக்கும் அவனுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று காட்டாவிட்டால் வேலூர் ஜெயில்தான். போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று சொல்வதற்கில்லை.

எல்லாம் அந்த போர்டால் வந்த வினை. நாலு வருஷத்துக்கு முன் வீட்டுப் பின்னால் குஸ்தி கற்றுக்கொடுக்கக் கொட்டகை போட்டு, "அசல் ஜப்பான் ஜூஜுட்ஸு" என்று எழுதி மாட்டினானே, அது. போதாததற்கு, "மதராஸ் துறைமுகத்தில் ஜப்பான் மாலுமியிடம் நேரில் கற்றது" என்று தன் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தான். மதராஸுக்கு அவன் போனது ஒரே தடவை, என்னோடு, அந்த மூன்று நாளும் பேதியில் படுத்தே கிடந்தான். பக்கத்து வீட்டு வெங்கடராமன், ரிட்டயரான சரித்திர வாத்தியார், அப்போதே சண்டைக்கு வந்தார். "அது ஜப்பான்காரன் சொத்தே இல்லப்பா, காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு சன்னியாசி சீனாவுக்குக் கொண்டுபோனது" என்பார். "இல்ல சார், அசல் ஜப்பான்!" என்று இவன் கத்துவான். நாலு வருஷம் இந்தக் கூத்து. அன்றைக்கே வெங்கடராமன் சொன்னதற்குத் தலையாட்டியிருந்தால் இன்று ஜெயில் இல்லை. அவரும் நல்ல மனுஷர், தானாகவே ஸ்டேஷனுக்கு வந்து அதையே சொன்னார். கன்னடக்கார இன்ஸ்பெக்டர் பென்சிலை எடுத்துக்கொண்டு, "அந்தச் சன்னியாசி இப்போ எல்லி இருக்காரு? அட்ரஸ் சொல்லுங்க" என்றார். ஆயிரத்து நானூறு வருஷம் ஆகிறது என்றதும் இவரையும் அரை நாள் உட்கார வைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய இடி டென்சிலின் நோட்டுப் புஸ்தகம். பிடிகளுக்கு ஜப்பான் பெயர் வேண்டுமே, இவனுக்கு எங்கே தெரியும்? தாங்கள் இருக்கிற ஓசூர் ரோட்டு ஊர்ப் பெயர்களை எடுத்து நாக்கை மடித்து ஆத்தி-பெரே, சாந்தா-பூரா, ஹோ-சுரு என்று சொல்லியிருக்கிறான். கேட்டால் ஜப்பான் மாதிரியேதான் இருக்கிறது! ஆனால் மறந்துபோகாமல் இருக்க நோட்டில் சுத்தமான தமிழில் எழுதி வைத்திருக்கிறான்: "அத்திபெலே: இடது காலை வெட்டு. சந்தாபுரா: கழுத்தை மடக்கிச் சாய். ஓசூர்: மேலே ஏறி உட்கார்." இன்ஸ்பெக்டர் அதை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஏன்ரீ, அத்திபெலேல இடது கால்னா எது? பாலமா, தந்திக் கம்பமா? ஓசூர் மேல ஏறி உட்கார்றது யாரு, ஜப்பான்காரனா?" என்றார். வெள்ளையனே வெளியேறு என்று ஊரெல்லாம் தண்டவாளம் பிடுங்குகிற சமயத்தில் நான் எதைச் சொல்லி நம்பவைப்பேன்?

சனிக்கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவன் உண்மையைக் கக்கினான். மச்சான், சிரிக்காதீர்கள், எனக்கு அழுகை வந்தது. சின்ன வயதில் லீவுக்குத் தங்கள் வீட்டுக்கு வருவானே, அப்போது எதிரே லாடம் கட்டுகிற காசிம் சாயபு, காளையின் கழுத்தை ஒரு திருப்புத் திருப்பி, முன்னங்காலைத் தன் காலால் தட்டி, கயிறே இல்லாமல் படுக்க வைப்பாராம். இவன் நாள் முழுக்க வேலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். ஜப்பானும் இல்லை, காஞ்சிபுரமும் இல்லை, லாடம்! ஆகவே தாங்கள் காசிம் சாயபுவைத் திங்கட்கிழமை காலை பஸ்ஸில் கட்டாயம் கூட்டி வரவேண்டியது. இன்ஸ்பெக்டர் முன்னால் ஒரு மாட்டைச் சாய்த்துக் காட்டினால் போதும், என் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான். ஊர் சிரிக்கட்டும், நான் தலைகுனிந்து நடந்துகொள்கிறேன். ஜோசஃபின் ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

தேவமாதா தங்கள் குடும்பத்தைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றுவாளாக.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
மதலைமுத்து

பி.கு.: வியாழன் மாலை. தபாலில் போடுமுன் எழுதுகிறேன். இன்று காலையே டென்சிலை விசாரித்துவிட்டார்கள். நான் லாடக் கதையைச் சொன்னதும் இன்ஸ்பெக்டர் விழுந்து விழுந்து சிரித்து, "இதை இவன் வாயால சொல்லட்டும், விட்டுடறேன்" என்றார். அந்த நேரம் பார்த்து டோரீன் அம்மாள் வந்து வராந்தாவில் நின்றார்கள். அவர்கள் மகன் நோயல் டென்சிலிடம் இரண்டு வருஷம் கற்றவன், அந்தத் தைரியத்தில் பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனவன், அந்த ஊர் ஜப்பான்காரன் கையில் விழுந்த பிப்ரவரியிலிருந்து கடிதம் இல்லை. "தம்பி, எம்புள்ளைக்கு நீ கத்துக் குடுத்தது நெசமான வித்தைதானே?" என்று கேட்டார்கள். டென்சில் என்னைப் பார்த்தான், அவர்களைப் பார்த்தான். "நெசம்தாம்மா. ஜப்பான்காரன்கிட்டயே கத்துக்கிட்டது. நோயலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். போலீஸார் அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள், இவன் கையெழுத்தும் போட்டான். மத்தியான ரயிலில் வேலூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

காசிம் சாயபுவைக் கூட்டி வரவேண்டாம். டோரீன் அம்மாள் அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள், லாடக் கதை காதில் விழுந்துவிடும். யார் கேட்டாலும் தாங்களும் அசல் ஜப்பான் என்றே சொல்லுங்கள். படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடவும்.