வெல்டிங் டீச்சரும் சுழலும் சீட்டும்

தாம்பரத்துக்குத் தெற்கே இரும்பே பார்த்துப் பயந்து நடுங்கிய ஒரே ஆள், எங்கள் ஊரப்பாக்கம் ‘வெல்டிங் டீச்சர்’தான். பள்ளியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. கூரியர்காரரே “வெல்டிங் டீச்சர் வீடு எது?” என்றுதான் கேட்பார்.

அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு கால் மடங்காமல் போனது. ஒருமுறை ஆட்டோவில் ஏற்றப்போய், பீரோவைச் சாய்த்து நுழைப்பதுபோல் நுழைக்க வேண்டியதாயிற்று. இறங்கியதும், “இனிமே நான் எங்கயும் வரல” என்று சொல்லிவிட்டார்.

டீச்சர் ஒரு பழைய வேனையும் வெல்டிங் மெஷினையும் வாங்கி வாசலில் இறக்கினார்.

“சீட்டு வெளிய திரும்பணும். அவர் உக்காரணும். சீட்டு உள்ள திரும்பணும். அவ்வளவுதானே சார்!” என்றார், வேடிக்கை பார்த்த என்னிடம்.

கை பழக, தெருவிலிருந்த கேட்டுகளுக்கெல்லாம் வெல்டிங் அடித்தார். எங்கள் வீட்டு கேட் அதன்பின் திறக்கவேயில்லை. பால்காரர் பாக்கெட்டை எறிவார். நான் கேட்ச் பிடிப்பேன்.

சீட் தயாரானதும் முதல் பயணி ஓர் அரிசி மூட்டை. பெல்ட்டெல்லாம் மாட்டி உட்கார வைத்தார். முதல் வளைவிலேயே கதவு திறந்துகொள்ள, மூட்டை கம்பீரமாக வெளியே திரும்பி, பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களைப் பார்வையிட்டது.

திருமுடிவாக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் பாய் வந்து பார்த்தார்.

“இன்னா டீச்சர், காரு பண்றீங்களா, ராட்டினம் பண்றீங்களா? சீட்டுக்கு அடியில தகடு மெல்சா கீது. வுட்ருங்க, பேஜாரு.”

“தடியா போட்டா நிக்குமா, நிக்காதா?”

“நிக்கும்...”

“அப்ப போட்டுடலாம்.”

அறுத்தார், ஒட்டினார், மறுபடி அறுத்தார். கையெல்லாம் தீப்பொறி சுட்ட புள்ளிகள். கணவர் ஜன்னல் வழியாக, “போதும், விட்டுடேன்” என்றார். டீச்சர் முகமூடியைத் தூக்கி, “நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு உக்கார்றது மட்டும்தான் வேலை” என்றார்.

அடுத்த சோதனைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்.

“அரிசி மூட்டை கத்தாது சார். நீங்க கத்துவீங்க. எங்க ஆடுதுன்னு எனக்குத் தெரியும்.”

ஊரே கேட்கக் கத்தினேன். சீட் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் யாரும் தூக்காமல் தானே உட்கார்ந்தார். டீச்சர் தள்ள, சீட் சத்தமில்லாமல் உள்ளே திரும்பியது. பின்னால் நான், துணைக்கு. திருநீர்மலை அடிவாரம் போனோம். அவரால் படியேற முடியாது. சீட்டை வெளியே திருப்பி, மலையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியில், “கொஞ்சம் மெதுவா ஓட்டு” என்றார்.

“ஏன், சீட்டு ஆடுதா?”

“இல்ல. வீடு வந்துடும்.”

டீச்சர் கியரைக் குறைத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். பின்னால் ஹார்ன் அடித்த அத்தனை பேரையும், நான்தான் கையை வெளியே நீட்டி, முந்திப் போகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.