பகலில் கூடாரம் போட்டவர்

ஊரே மூழ்கினாலும் தம் குடும்பம் மட்டும் மிதக்க வேண்டும் என்று அவர் முடிவெடுத்தது ஒரு காலையில், பல் துலக்கிக்கொண்டே. பெரிய முடிவுகள் எல்லாம் அவருக்கு வாயில் நுரையோடுதான் வரும்.

பிஸ்கட் ஆலையில் ராத்திரி ஷிஃப்ட் மேஸ்திரி அவர். ஊருக்கு விடியும்போது அவருக்குப் பொழுது சாயும். அதனால் வீட்டின் ஒரே படுக்கையறை பகல் முழுக்க அவருக்கே. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை, கதவிடுக்கில் கந்தல் துணி. மனைவியோ தையற்காரி. அவளுடைய மெஷின் சமையலறை மூலையில், மாவு டப்பாவுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவில் மூச்சுமுட்டிக் கிடந்தது. ஐயா எழுந்திருக்கும்வரை அது வாய் திறக்கக் கூடாது.

"அந்த ரூமை எனக்குக் கொடுங்க" என்று அவள் கேட்பதும், "அதுக்கு என் உயிரைக் கேளு" என்று இவர் சொல்வதும் கல்யாணமான நாளாய் நடக்கிற பேச்சுவார்த்தை.

போன மாதப் புயலில் மின்சாரம் போனதும், டார்ச்சைத் தேடுவதற்கு இவர் பக்கத்து வீட்டு பிளம்பரிடம் டார்ச் இரவல் கேட்டார். அவன் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். போன மானத்தை மீட்க இவர் ஒரு கூடாரம் வாங்கிவந்தார்.

"என்னங்க, சர்க்கஸ் வருதா?"

"ஆபத்துக்காலப் பயிற்சி. ஒரு வாரத்துக்குத் தூக்கம், சமையல், சாப்பாடு எல்லாம் தோட்டத்துலதான். வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டேன்."

"வெச்சா?"

"வெச்சா ரூம் உனக்கு. வைக்கலைன்னா ஜென்மத்துக்கும் நீ அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது."

"சரிங்க" என்றாள்.

மனைவியிடமிருந்து இவ்வளவு சுலபமாகச் 'சரிங்க' வந்தால் உஷாராக வேண்டும் என்று எந்த ஆபத்துக்காலக் கையேட்டிலும் போடவில்லை. கழிப்பறை கொல்லையில் இருந்ததால் சட்டச் சிக்கலும் எழவில்லை.

தோட்டத்தில் ஓர் இடத்தில் மண் மெத்தென்று இருந்தது. அங்கே கூடாரம் அடித்தார். மத்தியானம் ஒரு மழை பெய்தது. மண் ஏன் மெத்தென்று இருந்தது என்பது புரிந்தது.

"அண்ணே, படகு வேணுமா?" என்றான் பிளம்பர், மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு.

"உன் வேலையைப் பாருய்யா!"

மறுநாள் அடுப்பு மூட்டினார். காற்று வருகிற பக்கமாக மூட்டியதால் புகை மொத்தமும் கூடாரத்தில் குடியேறியது. டப்பா உணவு வெளியே இருந்தது, டப்பாவைத் திறக்கும் கருவி வீட்டுக்குள் இருந்தது. கல்லால் அடித்ததில் டப்பா தப்பியது, கட்டைவிரல் நசுங்கியது. அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஒரு பை கட்டியிருந்தார். ஆபத்து வந்தால் அந்தப் பையை விட்டுவிட்டுத்தான் ஓட முடியும், அத்தனை கனம்.

எரிகிற நெருப்பில் அவள் எண்ணெய் ஊற்றுவாள் என்று காத்திருந்தார். அவளோ சமையலறை ஜன்னலில் நின்று, "மேட்டுல போடுங்க. சுத்தி சின்னதா வாய்க்கால் வெட்டுங்க. அடுப்பு அந்தப் பக்கம், வாசல் இந்தப் பக்கம். பையில பாதியைக் கழிச்சுக் கட்டுங்க" என்றாள்.

"அதைத்தான் நானும் செய்யப்போனேன்" என்றார் இவர்.

கூடாரம் நிமிர்ந்து நின்றது. தூக்கம்தான் வரவில்லை. காக்கை கத்தினால் விழிப்பு, கதவு தட்டினால் விழிப்பு.

"புயல்ல இதைவிடச் சத்தம் இருக்குமேங்க? பழக வேண்டாமா? வேணும்னா மெஷினை ஜன்னலோரம் போட்டு ஓட்டறேன். உங்க பயிற்சிக்கு."

"ஓட்டு! இடியே விழுந்தாலும் தூங்கறேன் பாரு."

முதல் நாள் கடகடவென்றதும் எழுந்து உட்கார்ந்தார். அடுத்த நாள் புரண்டார். அப்புறம் அந்தக் கடகடப்பைக் கேட்டால் போதும், தொட்டிலில் போட்ட பிள்ளைபோலக் கண் சொக்கியது.

வாரம் முடிந்தது. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவர் விழவேயில்லை, மீசை முழுக்க மண். அப்படியே வெற்றிநடை போட்டு வீட்டுக்குள் வந்தார்.

"ரூம் உங்களுதுதாங்க. இனிமே வாயே திறக்க மாட்டேன்" என்று புது விரிப்பு போட்டு, திரையை இழுத்து, கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மெஷினை மறுபடி மூலைக்குத் தள்ளி நிறுத்திவிட்டாள்.

நிசப்தம். தம் மூச்சே தமக்குக் கேட்டது. புரண்டார். நூறுவரை எண்ணினார். கூரையைப் பார்த்தார். அன்றிரவு ஆலையில் நின்றபடியே அசந்துவிட, ஒரு தட்டு பிஸ்கட் கரியானது. அடுத்த நாளும் தூக்கமில்லை. அதற்கு அடுத்த நாள் இரண்டு தட்டு.

"இந்தா, மெஷினைக் கொஞ்சம் ஓட்டேன்."

"ஐயோ, உங்க தூக்கம்?"

"அதுக்குத்தான் சொல்றேன்!"

"மூலையில இருந்து ஓட்டினா இங்க லேசாத்தானேங்க கேக்கும்."

"அப்போ இங்கேயே கொண்டு வந்து போடு."

"நான் எப்படிங்க? அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நான் எடுக்கறேன் தாயே!"

அவரே தூக்கிவந்தார். மெஷின் வந்தால் துணி வெட்டும் மேஜை வர வேண்டாமா? மேஜை வந்ததும் கட்டில் இடித்தது. கட்டிலுக்கு இடமில்லை, கட்டில்காரருக்குத்தான் கூடாரம் இருந்ததே.

இப்போது கறுப்புத் திரை இல்லாத ஜன்னலோரம் மெஷின் கடகடக்கிறது. வெளியே மேட்டில், வாய்க்கால் வெட்டிய கூடாரத்தில், அவர் குறட்டை அதற்குத் தாளம் போடுகிறது.

ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த டீச்சரம்மா எட்டிப் பார்த்தாள். "யாருக்கா அது தோட்டத்துல?"

ஊசியில் நூல் கோத்தபடியே இவள் சொன்னாள்: "நம்ம வீட்டுக்காரர்தான். ஏதாவது ஆபத்துன்னா உதவுவார்னு வெச்சிருக்கேன்."