ஐஸ்கட்டி நைனா பாஸான கதை

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஓடிய லாரிகள் அத்தனையும் சேர்ந்து கக்காத புகையை ஐஸ்கட்டி நைனாவின் ஒற்றை மூன்று சக்கர டீசல் வண்டி கக்கியது. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் ஏற்றிப் போகும் வண்டி. ஏற்றும்போது வெள்ளையாக இருக்கும் ஐஸ், இறக்கும்போது சாம்பல் நிறமாகிவிடும் என்று ஊரே சொன்னது.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குக் கொஞ்சம் பிந்தி, ஒரு பெட்ரோல் பங்க் மூலையில் வாகனப் புகையைப் பரிசோதிக்கும் வேலையில் நான் இருந்தேன். நைனா முதல்முறை வந்தபோது வண்டிக்குப் பொட்டு வைத்து, சைலன்சரைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தானும் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சைலன்சருக்குள் குழாயைச் செருகி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கச் சொன்னேன். பங்க் மறைந்தது. புகை விலகியபோது மீட்டர் எல்லையைத் தாண்டி எங்கோ போயிருந்தது.

வண்டியின் தகுதிச் சான்று முடிய ஒரு மாதம்தான் இருந்தது. புகைச் சீட்டு இல்லாமல் அதைப் புதுப்பிக்க முடியாது. பாவமாக இருந்தது. சும்மா ஒரு சீட்டு போட்டுத் தருகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன்.

“பேப்பர் பாஸாயி இன்னா பண்றது வாத்தியாரே? வண்டி பாஸாவணும். எங்க கொளாறு கீதுன்னு மட்டும் சொல்லு.”

காரணம் பிறகு தெரிந்தது. அவர் வண்டி வந்தாலே மீன் ஏலத்தில் நிற்கும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, கொடுங்கையூர் குப்பைமேடு கிளம்பி வருகிறது என்பார்களாம். அதில் சத்தமாகச் சொல்பவர் அவர் மனைவி.

ஏர் ஃபில்டரைக் கழற்றினேன். எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் அதற்குள் அடையாக அப்பியிருந்தது. காற்று போதாவிட்டால் டீசல் முழுசாக எரியாது, கரியாகத்தான் வெளியே வரும் என்றேன். புது ஃபில்டரோடு இரண்டாம் நாளே வந்தார். ஃபெயில். டீசலைத் தூவ வேண்டிய நாசில் சொட்டிக்கொண்டிருந்தது. எம்.கே.பி. நகர் மெக்கானிக்கிடம் கொடுத்து அதையும் சரிசெய்துவிட்டு வந்தார். அப்போதும் ஃபெயில்.

எனக்கே புரியவில்லை. துருவித் துருவிக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். ஐஸ் பாரத்தோடு பாலம் ஏறவில்லை என்று, டீசல் பம்பின் திருகாணியைத் தானே திருகி, கூடுதல் டீசல் போகும்படி செய்திருக்கிறார்.

“கொஞ்சமாத்தான் திருவுனேன்.”

எவ்வளவு என்று கேட்டேன்.

“அதுக்கு மேல திருவ முடியாத வரிக்கும்.”

திருகாணியை மெக்கானிக் பழைய நிலைக்குக் கொண்டுவந்ததும் வண்டியின் இழுவை குறைந்தது. நைனா பாரத்தைப் பாதியாக்கி, ஒரு நடையை இரண்டு நடையாக்கிக்கொண்டார். நாலாவது பரிசோதனையில் கரும்புகை போய் நீலப்புகை வந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்து என்ஜின் ஆயிலும் சேர்ந்து எரிகிறது என்று அர்த்தம். என்ஜினையே பிரிக்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவரோ, “அவ்ளோதானே” என்று என்ஜினை இறக்கிப் பிரிக்கக் கொடுத்துவிட்டு, நாலு நாள் மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சரக்கு சைக்கிளை மிதித்து ஐஸ் கொண்டுபோனார். வயது ஐம்பத்தைந்து இருக்கும்.

சான்று முடியும் நாள் காலையில் ஐந்தாவது முறை வந்தார். என்ஜின் சூடாகாமல் பரிசோதித்தால் புகை கூடுதலாகக் காட்டும், எண்ணூர் வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன். திரும்பியபோது பக்கத்தில் சாட்சிக்கு மனைவி உட்கார்ந்திருந்தார்.

மிதித்தார். வண்டி உறுமியது. பங்க் மறையவில்லை. மீட்டர் எல்லைக்குள் நின்றது. பாஸ் என்றேன். இன்னொரு தபா சொல்லச் சொன்னார். சொன்னேன்.

“இன்னாமே, இப்ப சொல்லு” என்று மனைவியைப் பார்த்தார்.

அந்த அம்மாள் குனிந்து சைலன்சரை மோந்து பார்த்துவிட்டு நிதானமாக நிமிர்ந்தார். “வண்டி பாஸு. நீ பீடி வுடுறியே, அதுக்கு இன்னா பண்ணப் போற?”

சீட்டைக் கையில் கொடுத்து, இனி ஆறு மாதத்துக்கு வர வேண்டாம் நைனா என்று அனுப்பிவைத்தேன். சொன்னபடியே அவர் வரவில்லை. இரண்டாவது வாரத்திலிருந்து, தூரத்தில் ஏதாவது டீசல் வண்டி சத்தம் கேட்டால், நைனாவோ என்று வேலையை விட்டுவிட்டு எழுந்துபோய்ப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.