தபால் அடையாளம் ஒட்டிக்கொண்ட தாய்மாமன்

லாஸ்பேட்டை,
வெள்ளிக்கிழமை, மே 1988

காலாப்பட்டில் இருக்கும் அண்ணன் ஆதிமூலம் அவர்களுக்கு, தங்கை தையல்நாயகி பணிந்து எழுதுவது. தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அவருக்கு ரத்தக்கொதிப்போடு சர்க்கரையும் ஏறியிருக்கிறது, மகள் தனக்கொடி கல்யாணப் பெண் மாதிரி இல்லாமல் பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் சுகமாக இருக்கிறது.

அண்ணா, தங்கள் கைக்குத் தனக்கொடியின் கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்து சேர்ந்த செய்தியைக் கன்னியம்மாள் காலையில் சொன்னாள். உங்கள் தெருவிலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவருகிறவள் அவள்தானே. கூடையை இறக்கியதும் வஞ்சிரம் என்ன விலை என்றுகூடச் சொல்லாமல், "இன்னாம்மா, கூடப் பொறந்தவருக்குப் போயி தபால்லயா பத்திரிக வைப்பாங்க? அவரு அத்த கையில வச்சிக்கினு போறவன் வர்றவனுக்கெல்லாம் காட்டிக்கினு இருக்காரு" என்று ஆரம்பித்தாள். "பத்திரிக தபால்ல வந்துச்சி இல்ல, பட்டத்தயும் தபால்ல அனுப்பிடறேன், பொண்ணு நெத்தியில தபால்காரனே கட்டட்டும்" என்று தாங்கள் சொன்னதாகவும் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல வார்த்தைதான். வேறு யாருக்காவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பெண் நெற்றியில் பட்டம் கட்டுகிற தாய்மாமனுக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம் வைத்து நேரில் போய் அழைக்க வேண்டும், சாமிக்கு வைத்தபிறகு முதல் பத்திரிகை அவருக்குத்தான் என்பது எனக்குத் தெரியாதா அண்ணா? அழைக்கத்தான் இன்றைக்கு நானும் அவரும் வருவதாக இருந்தோம். அதற்குள் நடந்ததைச் சொல்கிறேன். கோபத்தோடாவது கடைசிவரை படியுங்கள்.

எங்கள் ஆபீஸில் போன வருஷம் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். அதில் எழுதுவதற்கு எடிட்டர் என்று ஒன்று உண்டு. தலைப்புகள் போட்டு, ஒவ்வொரு தலைப்புக்குக் கீழும் பெயர்களை அடுக்கலாம். தலைப்பை மடித்துவிட்டால் பெயர்கள் மறைந்துபோய் மூன்று புள்ளி மட்டும் நிற்கும், அலமாரிக் கதவைச் சாத்தினாற்போல. ஒவ்வொரு பெயருக்கும் வரிக்கடைசியில் ஓர் அடையாளச் சொல் ஒட்டலாம். நான் 'நேரில்' என்று ஒன்று, 'தபால்' என்று ஒன்று வைத்துக்கொண்டேன். யாரும் விட்டுப்போகக் கூடாது என்கிற பயத்தில் செய்த காரியம் இது. கையால் எழுதினால் யாரையாவது மறந்துவிடுவேன் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு பெயராக ஒட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேஜை சுப்ரமணி, "ஒண்ணொண்ணா ஏன் மேடம் குத்திக்கினு இருக்கீங்க? இதுலேருந்து அது வரைக்கும் சேத்துப் புடிச்சி ஒரே தட்டு தட்டுங்க, அத்தினி பேருக்கும் ஒட்டிக்கும்" என்று சொல்லிக்கொடுத்தார். மதராஸ்காரர்களுக்கும் பாரிஸ் போன நம் சொந்தக்காரர்களுக்கும் தபால்தானே, தலைப்புகளை மடித்து வைத்துவிட்டு, மதராஸிலிருந்து பாரிஸ் வரை பிடித்து 'தபால்' என்று ஒரே தட்டாகத் தட்டினேன். எவ்வளவு சுலபம் என்று சந்தோஷப்பட்டேன். நான் பட்டியல் எழுதியபோது பெண்ணுக்குத் தாய்வழி என்று தங்கள் தலைப்புதான் முதலில் இருந்தது. கம்ப்யூட்டர் தலைப்புகளையெல்லாம் இங்கிலீஷ் அகரவரிசையில் மாற்றி அடுக்கிவிட்டது. நான் 'மதர் சைடு' என்று போட்டிருந்தேன், அது மதராஸுக்கும் பாரிஸுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டது. நான் பிடித்த இடத்தைப் பார்த்தேன், விட்ட இடத்தைப் பார்த்தேன். நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று புள்ளியோடு நின்ற என் பிறந்த வீட்டைப் பார்க்கவில்லை.

புதன்கிழமை நான் ஜவுளிக்கடையில் இருந்த நேரத்தில், 'தபால்' அடையாளம் உள்ளவர்களின் விலாசங்களை மட்டும் சுப்ரமணி அச்சடித்துக் கொடுக்க, பியூன் அம்மாவாசை கவர்களில் ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டார். நான் திரும்பி வந்ததும், "ஒங்க அண்ணன் பேருகூட இருந்துச்சேம்மா, அவரு இப்ப வெளியூர்லயா இருக்காரு?" என்று கேட்டார். நான் செருப்புகூட மாட்டாமல் தெருமுனைத் தபால்பெட்டிக்கு ஓடி, பெட்டியைத் திறக்கிறவர் வரும்வரை அதன்மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வந்தார், கேட்டார், பெட்டிக்குள் விழுந்தபிறகு கவர் உங்களுடையது இல்லை அம்மா என்று மரியாதையாகச் சொல்லி மூட்டை கட்டிக்கொண்டு போனார். இந்த ஒரு கடிதமாவது மெதுவாகப் போகட்டும் என்று மணக்குள விநாயகருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். அது மறுநாளே போய்ச் சேர்ந்துவிட்டது.

இதோடு விட்டதா? 'ஃபாதர் சைடு' முதல் 'ஹோம்' என்று போட்டிருந்த எங்கள் தெரு வரை 'நேரில்' என்று இன்னொரு தட்டு தட்டியிருந்தேன். நடுவில், சமையல் சிலிண்டருக்குச் சொல்லி வைக்க வேண்டும் என்று போட்ட 'கேஸ்' இருந்திருக்கிறது. அவர் நேற்று சாயங்காலம் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு, தம் தங்கை அங்கம்மாளையும் கூட்டிக்கொண்டு, பக்கத்தில் இருப்பதை முதலில் முடிப்போம் என்று நேராகக் கேஸ் ஏஜென்சிக்குத் தட்டோடு போய்விட்டார். அங்கே சிலிண்டர்களுக்கு நடுவில் முதலாளி பதறி எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை மாட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பத்திரிகையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம், குடும்பத்தோடு முந்தின நாளே வந்துவிடுகிறேன் என்றாராம். "எதுக்குங்க அவருக்குத் தட்டு?" என்று கேட்டால், "கம்ப்யூட்டர்ல போட்டிருக்குதே, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்" என்கிறார் இவர். ஆக, தங்களுக்கு வைக்க வேண்டிய முதல் தட்டு கேஸ்காரருக்குப் போய்விட்டது. இதைத் தங்களிடம் மறைக்கத்தான் நினைத்தேன். எப்படியும் கன்னியம்மாள் சொல்லிவிடுவாள்.

கன்னியம்மாள் சொன்னதையெல்லாம் தனக்கொடி உள்ளே இருந்து கேட்டுவிட்டாள். அழவில்லை. "எங்க மாமா பட்டம் கட்டாம நான் மணையில ஒக்கார மாட்டேன், நீங்க வேணும்னா கேஸ்காரரக் கட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். அந்தப் பேச்சு யாரிடமிருந்து வந்தது என்று தங்களுக்கே தெரியும். இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை அண்ணா. என் கல்யாணத்தில் நம் மாமா பட்டம் கட்டியபோது முடிச்சு இறுகி எனக்குக் கண்ணில் நீர் வந்தது, தாங்கள்தான் பின்னால் வந்து தளர்த்தி விட்டீர்கள். அவள் நெற்றிக்கு அந்தக் கைதான் வேண்டும். எனக்கு இரண்டு நாளாக ஒரே யோசனை. ஒரே தட்டில் எல்லோரையும் முடித்துவிடலாம் என்று நினைத்தது கம்ப்யூட்டரா, நானா? தங்கள் பெயருக்கு மட்டும் நான் தனியாக ஒரு தட்டு தட்டியிருக்கலாம், ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

என் பிழையைப் பொறுத்து, பெண்ணை ஆசீர்வதிக்க வர வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். இதற்குத் தாங்கள் எழுதும் பதிலை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,

தங்கை,
தையல்நாயகி

பின்குறிப்பு: கவரில் தங்கள் விலாசத்தை எழுதி, தபால்தலையை நாக்கில் வைத்து நனைத்தபோதுதான் அண்ணா, நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. தபாலில் அழைத்ததற்கு மன்னிப்பையும் தபாலிலேயே அனுப்பப் பார்த்தேன். தங்கள் முகத்தைப் பார்க்கப் பயம், வேறொன்றுமில்லை. அதனால் தபால்தலையை அவர் கையில் கொடுத்துவிட்டேன். இந்த வரிகளைக் காலாப்பட்டு பஸ்ஸில், மடியில் தட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கிறுக்கலுக்கு மன்னிக்கவும். பக்கத்தில் அவரும் தனக்கொடியும் இருக்கிறார்கள். தாங்கள் கதவைத் திறந்தால் இந்தக் கடிதத்தைக் கொடுக்க மாட்டேன், மேலே எழுதியது எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை, கேஸ்காரர் கதை உட்பட. திறக்காவிட்டால் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டு மூன்று பேரும் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்போம், மூன்று புள்ளி மாதிரி. அண்ணியிடம் சொல்லிக் காபி மட்டும் வெளியே அனுப்பவும். அவருக்குச் சர்க்கரை வேண்டாம்.